எல்லா மைக்கிலும் செல்வி

சென்ற மாதம் பிரதீப் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தான், போனேன். நஞ்சுண்டண்ணாவின் ரெக்கார்டிங் கம்பெனியை இப்போது நடத்துகிறவன் அவன்தான். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்களாம். ஒன்றாகக் கலந்து கிடக்கும் சத்தத்திலிருந்து கிட்டாரைத் தனியாக, குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுமாம். பழைய ரெக்கார்டிங் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும், எதைப் போடலாம் என்று நான்தான் சொல்ல வேண்டும் என்றான்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'கெம்பு தூளு' ராக் குழுவின் மைசூர் கச்சேரியை எடு என்றேன். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எதையும் எதிலிருந்தும் பிரிக்க முடியாத ரெக்கார்டிங் என்று அதற்கு அந்த ஆபீசில் ஒரு பெயர் உண்டு. நஞ்சுண்டண்ணா மாதிரி சுத்தக்காரர் கையிலிருந்து அப்படி ஒன்று எப்படி வந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சொந்த ஊர் கோபிநத்தம் பக்கம். வீட்டில் யாரும் விரட்டவில்லை, எனக்குத்தான் ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. ஹனூரில் லாரி ஏறி, கிளீனராக ஹூப்ளி, கோவா வரைக்கும் போனேன். பெல்காமில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டேன். அங்கே டைபாய்டு வந்து படுத்தேன். எழுந்து போய்ப் பார்த்தபோது கூடாரம் நின்ற இடத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கொள்ளேகாலுக்குத் திரும்பி மைக் செட் கடையில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கினேன். அங்கிருந்து மைசூர். அதுவரை எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல இரண்டு மழைக்காலம் நான் பார்த்ததில்லை. நஞ்சுண்டண்ணாவிடம் மட்டும் தலை நரைக்கும்வரை இருந்தேன். வாரத்துக்கு ஓர் ஊர் போகலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர்.

எங்கள் வேலை கச்சேரியை மேடையிலேயே நேரடியாகப் பதிவு செய்வது. கூட்டத்துக்குச் சத்தம் போட்டுக் கொடுப்பது வேறு ஆட்கள். நாங்கள் மேடைக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தி, ஒவ்வொரு மைக்கிலிருந்தும் ஒரு கம்பி இழுத்து, குரல் ஒரு ட்ராக், கிட்டார் ஒரு ட்ராக், டிரம்ஸுக்குச் சில ட்ராக் என்று தனித்தனியாகப் பிடித்து வைப்போம். பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து அளவாகக் கலப்பார்கள்.

நஞ்சுண்டண்ணா அதிகம் பேச மாட்டார். பேசினால் கன்னடம்தான், அதுவும் பாதி வாக்கியம். கேன்வாஸ் ஷூ போட்டு நடப்பதால் அவர் பின்னால் வந்து நிற்பதே தெரியாது. மேடைக்குப் போனதும் ஒரு கம்பியையும் இறக்க விட மாட்டார். நடுவில் போய் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். அந்தச் சத்தம் எங்கே போய் மோதித் திரும்புகிறது என்று கண்ணை மூடிக் கேட்பார். பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு என்னைத் தட்டச் சொல்வார். இது முடிந்த பிறகுதான் எந்த மைக் எங்கே என்று சாக்பீஸால் தரையில் குறி போடுவார்.

மைக்கில் "ஹலோ, ஹலோ" சொன்னால் அவருக்குப் பிடிக்காது. யாரும் இயல்பாகப் பேசுகிற குரலில் ஹலோ சொல்வதில்லை என்பார். யோசிக்காமல் வாயில் வருவதைச் சொல்ல வேண்டும். நான் என் ஊருக்குப் போகிற பஸ் நிறுத்தங்களைச் சொல்வேன். கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி, மாதேஸ்வரன் மலை, பாலாறு. "பாலாறு" என்னும்போது மைக்கில் காற்று அடித்தால், தூரம் போதவில்லை என்று அர்த்தம். கர்நாடகத்தின் பாதி மேடைகள் என் பஸ் ரூட்டைக் கேட்டிருக்கின்றன.

ரெக்கார்டிங் ஆரம்பித்த பிறகு கை முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அதுவும் அவர் சட்டம். அளவெல்லாம் முன்பே பார்த்து வைத்தாயிற்று, பாட்டு ஓடும்போது எதையும் தொடாதே. அவரும் அப்படித்தான் நிற்பார், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் முன் நிற்கிற பிள்ளை மாதிரி.

அவருடைய பெருமை ஒரு மரப்பெட்டி. ராக் குழுக்களில் கிட்டார் சத்தம் ஆம்ப்ளிஃபையரிலிருந்துதான் இடி மாதிரி வரும். அதைத் திறந்த மேடையில் வைத்தால் பாடகரின் மைக்கிலும் விழும், டிரம்ஸ் மைக்கிலும் விழும். இதை நாங்கள் லீக் என்போம். நஞ்சுண்டண்ணா அந்த ஆம்ப்ளிஃபையரைப் பழைய மெத்தைகள் திணித்த பெட்டிக்குள் பூட்டி மேடைக்கு அடியில் தள்ளிவிடுவார். உள்ளே ஒரு மைக். வாசிக்கிறவர் காதில் இயர்போன். கிட்டார் அதன் ட்ராக்கில் மட்டும் விழும், வேறெதிலும் ஒரு துளி இருக்காது. தவறாக வாசித்துவிட்டால் பிறகு ஸ்டூடியோவில் அதை மட்டும் அழித்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். கேட்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கெம்பு தூளு குழுவின் முதல் இரண்டு நேரடி ரெக்கார்டிங்கும் அந்தப் பெட்டியில் பிறந்தவைதான். பெயருக்குச் செம்புழுதி என்று பொருள். பாடகர் கிரண்தான் தலைவர். கிட்டார் வினய். கிரண் பாடும்போது கைதட்டுகிற கூட்டம், வினய் வாசிக்க ஆரம்பித்தால் பெஞ்சு மேல் ஏறிவிடும். மூன்றாவது ரெக்கார்டிங்குக்குப் புதுப் பாட்டெல்லாம் தயாராகி, தேதியும் குறித்த பிறகு, இரண்டு பேருக்கும் சண்டை வந்து வினய் பெங்களூருக்குப் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவள் செல்வி. அவளுடைய அப்பா அம்மா ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர்கள். கல்யாணம், கோயில் விழா என்று சினிமாப் பாட்டு வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராக்களில் இத்தனை வருஷம் கிட்டார் வாசித்து வந்தாள். விரல் அப்படி ஓடும். ஆனால் ராக் வாசிக்கிறவர்களுக்கு ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் என்றால் இளக்காரம். முதல் நாள் ஒத்திகையில் டிரம்ஸ்காரர், "மேடம், இங்கே மொய்ப் பணம் வாங்க நடுவுல நிறுத்த மாட்டோம்" என்றார். செல்வி சிரிக்காமல், "பரவால்லீங்க சார், எல போடறப்ப மட்டும் நிறுத்துனாப் போதும், நா இன்னும் சாப்புடல" என்றாள். அவர் அதற்கப்புறம் அவளிடம் வாய் கொடுக்கவில்லை.

ஹாசனில் ஒரு கல்லூரிக் கச்சேரி. முன்னோட்டமாக அதையும் பதிவு செய்தோம். கடைசிப் பாட்டில் எல்லா வாத்தியமும் நின்று, டிரம்ஸ் மட்டும் நாலு தட்டுத் தட்டும். அடுத்த நொடி கிட்டார் தனியாகப் பாய வேண்டும். தட்டு விழுந்தது. கிட்டார் வரவில்லை. செல்வி கிரணின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆர்கெஸ்ட்ராவில் அதுதான் வழக்கம். பாடகரின் கைதான் அங்கே உத்தரவு. விரலைச் சுழற்றினால் இன்னொரு தடவை வாசி, முஷ்டி மூடினால் நிறுத்து, உள்ளங்கை நீட்டினால் ஆரம்பி. கிரண் ராக் பாடகர், அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒரு கை மைக்கில், ஒரு கை இடுப்பில். ஒரு சுற்று முழுக்க வெறும் டிரம்ஸ் ஓடிய பிறகு அவளே புரிந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். பிறகு நன்றாகத்தான் வாசித்தாள். ஆனால் கூட்டத்தில் யாரோ வினய் பெயரைக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கத்தலும் எங்கள் ட்ராக்கில் பதிவாகியிருந்தது.

அடுத்த வாரம் கிரண் எங்கள் ஆபீசுக்கு வந்தார். மைசூர் கச்சேரியில் கிட்டார் சுத்தமாகத் தனியாக இருக்குமல்லவா என்று கேட்டார். இருக்கும் என்றார் நஞ்சுண்டண்ணா. வெளியிடுகிற கம்பெனி வினய்யின் கிட்டார் இருந்தால்தான் எடுத்துக்கொள்ளும் என்கிறது, வினய்யிடம் பேசிவிட்டேன், ஸ்டூடியோவுக்கு வந்து செல்வி வாசித்ததை அழித்துவிட்டு அவர் வாசித்துக் கொடுப்பார் என்றார் கிரண். சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த கம்பிச் சுருள்களைப் பார்த்தார். அதற்கு நஞ்சுண்டண்ணா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அத்தனை வருஷம் கூட இருந்த எனக்கே தெரியாது.

மைசூர் கச்சேரி திறந்தவெளி அரங்கத்தில், சாயங்காலம். மதியமே போய்விட்டோம். கை தட்டினோம், குறி போட்டோம், நான் என் பஸ் ரூட்டை ஒவ்வொரு மைக்கிலும் ஓட்டி முடித்தேன். பெட்டியை மேடைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தபோது செல்வி வந்தாள். இயர்போனில் தன் கிட்டார் எறும்பு ஊர்கிற மாதிரி கேட்கிறது, ஆம்ப்ளிஃபையர் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் தனக்கு வாசிக்க வரும், ஹாசனிலேயே பாதி குழப்பம் அதனால்தான் என்றாள். பெட்டி எதற்கு என்றும் கேட்டாள்.

பெட்டி எதற்கு என்று சொன்னேன். யார் வரப்போகிறார் என்பதையும் சொன்னேன். சொல்லக் கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப இன்னிக்கு நா வாசிக்கறது யாருக்குங்ணா?" என்றாள்.

"இங்க வர்ற கூட்டத்துக்கு."

"அவங்க வீட்டுக்குப் போனதும்?"

இருக்கிற நிலைமையை மட்டும் சொன்னேன். ஆம்ப்ளிஃபையரை வெளியே வைத்தால் உன் கிட்டார் எல்லா மைக்கிலும் விழும். யாராலும் உன்னை எடுக்க முடியாது. ஆனால் நீ ஒரு இடத்தில் சறுக்கினாலும் அதையும் யாராலும் எடுக்க முடியாது. ரெக்கார்டிங்கே வீண். உன் பேர் மட்டும் இல்லை, எங்கள் பேரும்தான் போகும்.

"வெளிய வையுங்ணா" என்றாள்.

அதை முடிவு செய்ய நான் யார்? திரும்பினேன். நஞ்சுண்டண்ணா பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. அவருக்கு அப்போதே முதுகுவலி, கனமான சாமான் எதையும் தொடாமல் இருந்த காலம். குனிந்து பெட்டியின் கொக்கியைக் கழற்றினார். மெத்தைகளை இழுத்துப் போட்டார். ஆம்ப்ளிஃபையரின் ஒரு பக்கத்தை அவரே பிடித்து, மறுபக்கத்தைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கண்ணால் காட்டினார். மேடையில் செல்வி நிற்கிற இடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம். அவர் சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார். வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கிரண் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. கூட்டம் உள்ளே வர ஆரம்பித்திருந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். இதை வெளியே வைத்தால் அப்புறம் மாற்ற முடியாதே என்றார்.

"ஹௌது" என்றார் நஞ்சுண்டண்ணா. ஆமாம் என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

கிரண் செல்வியிடம் திரும்பினார். அவளிடம் அவர் அரைகுறைத் தமிழில்தான் பேசுவார். "தப்பு வந்தா?"

"வந்தா அது என் தப்புன்னு எல்லாத்துக்கும் தெரியட்டும் சார். நல்லா வந்தா அதுவும் என்னுதுதான்னு தெரியட்டும்."

கிரண் மேடை விளிம்பு வரை நடந்து போய்க் கூட்டத்தைப் பார்த்தார். திரும்பி வந்து மைக் ஸ்டாண்டின் உயரத்தைச் சரி செய்ய ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

கச்சேரி ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வேனுக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இது வேறு ரெக்கார்டிங் என்று. ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள் இருந்தபோது ஒவ்வொரு சத்தமும் தனித்தனி டிபன் டப்பாவில் இருக்கிற மாதிரி இருக்கும். இப்போது எல்லாம் ஒரே இலையில் பரிமாறின மாதிரி இருந்தது. டிரம்ஸ் மைக்கைத் தனியாகக் கேட்டால் செல்வி இருந்தாள். கூட்டத்தைப் பிடிக்க வைத்த மைக்கிலும் இருந்தாள். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு, ஒரு சறுக்கல் இல்லை. கூட்டத்தில் வினய் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் பேர் கத்தினார்கள். பாதிக் கச்சேரிக்கு மேல் அந்தச் சத்தம் இல்லை.

கடைசிப் பாட்டு வந்தது. வேனில் சின்னத் திரையில் மேடை தெரியும். எல்லா வாத்தியமும் நின்றன. செல்வி கிரண் இருக்கிற பக்கமே திரும்பாமல், உடம்பையே டிரம்ஸ் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். நாலு தட்டு விழுந்தது. அவள் பாய்ந்தாள்.

வினய் போட்டு வைத்த மெட்டைத்தான் வாசித்தாள். ஆனால் அவர் வேகமாக ஓடுகிற இடங்களில் இவள் நின்று இழுத்தாள். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் வாசித்துப் பழகிய கை அது. மெட்டு முடிந்தது. அங்கே கிரண் பாட வேண்டும்.

கிரண் பாடவில்லை. மைக்குக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முகத்தை முடி மறைத்திருந்தது. என் கை தானாக முன்னால் வந்துவிட்டது, எதைத் தொடுவதற்கென்று எனக்கே தெரியவில்லை. நஞ்சுண்டண்ணா என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

செல்வி நிறுத்தவில்லை. பாடகர் கோட்டை விட்டால் தாங்கிப் பிடிப்பதுதான் ஆர்கெஸ்ட்ராவில் பாலபாடம். இன்னொரு சுற்றுப் போனாள். அதற்கு மெட்டு கிடையாது, யாரும் எழுதி வைக்கவில்லை, அவளே அந்த இடத்தில் கட்டினாள். டிரம்ஸ்காரர் எழுந்து நின்று அடித்தார். இன்னொரு சுற்று. கூட்டம் பெஞ்சு மேல் ஏறிவிட்டது. அளவு காட்டுகிற விளக்குகள் சிவப்புக்கு ஒரு மயிரிழை கீழே ஆடின, தாண்டவில்லை. அதற்கப்புறம்தான் கிரண் தலையைத் தூக்கிப் பாடினார். அந்த வரியை அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை.

பாட்டு முடிந்ததும் நஞ்சுண்டண்ணா மெஷினை நிறுத்தினார். வெளியே வந்து, கூட்டம் செல்வி பெயரைக் கத்துவதைக் கேட்டபடி, காலியான அந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து காப்பி குடித்தார். சாமான் கட்டி முடிக்கும் முன் அவர் வாயில் எதையும் வைத்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வினய் சொன்னபடி ஸ்டூடியோவுக்கு வந்தார். கிட்டாரை வெளியே எடுத்துச் சுருதி சேர்த்துக்கொண்டார். நான் கடைசிப் பாட்டைப் போட்டு, கிட்டார் ட்ராக்கை மட்டும் அணைத்தேன். கிட்டார் கேட்டுக்கொண்டேயிருந்தது. குரல் ட்ராக்கை அணைக்கச் சொன்னார். அப்போதும் கேட்டது. டிரம்ஸை அணைக்கச் சொன்னார். கூட்டத்தின் மைக் மட்டும் மிச்சம், அதிலும் செல்வி தூரத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

வினய் சிரித்துவிட்டார். "இவங்கள எங்கிருந்து எடுக்கறது? எல்லா மைக்லயும் உக்காந்திருக்காங்களே" என்றார். பிறகு எல்லாவற்றையும் திறந்து முழுப் பாட்டையும் ஒரு தடவை போடச் சொன்னார். கேட்டு முடித்துக் கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். எங்கள் எதிரிலேயே கிரணுக்குப் போன் போட்டு, என் பேரைப் போடாதே, போட்டால் அது பொய்யாகிவிடும் என்றார். அவர்கள் சண்டை அன்றோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் செல்வியின் நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டுதான் போனார்.

ரெக்கார்டிங் செல்வி பெயரோடு வெளிவந்தது. கம்பெனிக்காரர்கள் முனகிக்கொண்டேதான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் குழுவிடமிருந்து அவர்கள் வாங்கிய எல்லாவற்றிலும் நேரடிக் கச்சேரிதான் வேண்டும், செல்வி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவள் பல வருஷம் அங்கே வாசித்து, இப்போது தனியாகக் குழு வைத்திருக்கிறாள். அந்த இரண்டு சுற்றைப் பற்றி யார் கேட்டாலும் கிரண் ஒரே பதில்தான் சொல்வார், வரி மறந்துவிட்டது என்று. செல்வி அதை மேடைக்கு மேடை சொல்லிச் சிரிக்க வைப்பாள். "எங்க கிரண் சாரோட மறதியில கிடைச்ச வாழ்வு இது. அன்னிக்கு நாந்தான் அவரக் காப்பாத்துனேன்."

இனி சென்ற மாதத்துக்கு வருகிறேன். பிரதீப் கிரணின் குரல் ட்ராக்கைப் புது சாஃப்ட்வேரில் போட்டு, அதில் விழுந்திருந்த கிட்டாரைக் கழித்தான். நாங்கள் எவராலும் எடுக்க முடியாது என்று வைத்த கிட்டார், தூசி தட்டின மாதிரி போய்விட்டது. மிச்சம் இருந்ததைக் கேட்டோம். கிரண் பாட வேண்டிய இடம் வந்தது. மூச்சு கேட்டது. பிறகு, மைக்குக்குக் கீழே குனிந்துகொண்டு, தனக்குத்தானே சொல்கிற மாதிரி ஒரு குரல்.

"ஹொடி... ஹொடி தாயி... பிடபேடா."

அடி, தாயே, அடி, விடாதே என்று அர்த்தம். இரண்டு சுற்றும் முடிகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அவளுடைய கிட்டார் அந்தக் குரலை மூடி வைத்திருந்திருக்கிறது. அன்று அவள் அவர் பக்கம் திரும்புவதில்லை என்று நின்றதால் அவளும் பார்க்கவில்லை.

செல்வியை வரச் சொன்னேன். ஹெட்போனை மாட்டினாள். ஒரு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை போடச் சொன்னாள். பிறகு ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, "மறந்துருச்சுன்னு சொன்னாரே, கள்ளன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கிரணுக்குப் போன் போட்டாள்.

"சார், வரி ஞாபகம் வந்துருச்சா?"

எந்த வரி என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"ஹொடி தாயி, பிடபேடான்னு ஒரு வரி."

கிரண், அந்த மைக்கை அன்றைக்கே உடைத்திருக்க வேண்டும் என்றார். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

குரலை இப்படிச் சுத்தமாகவே வைத்துப் புதிதாக ஒன்று கலந்து தரட்டுமா என்று பிரதீப் கேட்டான். வேண்டாம் என்றாள் அவள். "எனக்குக் கேட்டாச்சு. எல்லாத்தயும் பழையபடி சேத்து வையுங்க."

பிரதீப் கிட்டாரைத் திரும்பச் சேர்த்து, பாட்டை முதலிலிருந்து ஓட விட்டான். என் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. பார்த்தால் பிரதீப்பும் அப்படித்தான் நின்றான். நாலு தட்டு விழுந்தது, கிட்டார் பாய்ந்தது, மெட்டு முடிந்தது. கிரணின் முணுமுணுப்பு இப்போது கேட்கவில்லை. அந்த இடத்தில் செல்விதான் வாய்க்குள் சொன்னாள், "ஹொடி."